முதலில் பேசியவள்

மேசையின் மேல் மூன்று கோப்பைகள் இருந்தன. மூன்றிலும் இஞ்சி இடித்துப் போட்ட கறுப்புக் காப்பி. யாரும் தொடவில்லை.

சனிக்கிழமை பிற்பகல். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்னிருந்து வண்டிகள் கிளம்பும் ஓசை எட்டாம் மாடி வரை ஏறி வந்தது. ஜன்னல் கண்ணாடியில் முந்தைய வாரத்துப் புழுதிக் காற்று விட்டுப்போன படலம் அப்படியே இருந்ததால், வெயில் பழுப்பு நிறமாக உள்ளே விழுந்தது. கோப்பைகளுக்கு நடுவே நான் தட்டச்சு செய்த ஏழு தாள்கள், மூலையில் கிளிப் போட்டு.

"இளையவர் முதலில்" என்றார் மௌலானா.

மேசையைச் சுற்றி மூன்று பேர்தான் இருந்தோம். மௌலானா, அவருடைய மகன் யாசிர், நான். என்னைத்தான் சொன்னார்.

முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஏழு தாள்கள் அவருடைய புத்தகத்தில் இருக்க வேண்டுமா, வேண்டாமா? மறுநாள் காலை புத்தகம் அச்சகத்துக்குப் போகிறது. நீதிபதியாக இருந்த அத்தனை ஆண்டுகளில் தாம் ஒரு தவறு செய்ததாக அவர் எழுதியிருந்த ஒரே இடம் அந்தத் தாள்கள். மகன் அவற்றை நீக்கச் சொன்னார். தாய்க்கு அவை வேண்டும். ஆனால் தனியாக முடிவெடுத்து அவருக்குப் பழக்கமில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எதையும் மூன்று பேர் உட்கார்ந்துதான் தீர்மானிப்பார்கள். மூன்றாவது ஆளாக என்னை அழைத்திருந்தார்.

நான் காப்பிக் கோப்பையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் மாடி

மௌலானா என்றதும் வாசகர்கள் தாடி வைத்த ஒரு மார்க்க அறிஞரை நினைத்துக்கொள்ள வேண்டாம். சூடான் நாட்டில் நீதிபதியை, ஆணானாலும் பெண்ணானாலும், அப்படித்தான் அழைக்கிறார்கள். இவர் பெயர் ஹலீமா. எழுபதைத் தாண்டியவர். நூபா மலைகளின் கறுப்பின மக்களிடையிலிருந்து வந்து, தலைநகரத்து மேல்முறையீட்டு அமர்வில் உட்கார்ந்த முதல் பெண். போர் வந்தபோது ஒரே ஒரு பெட்டியுடன் எல்லை கடந்து, ஷார்ஜாவில் மகன் குடியிருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதே கட்டடத்தின் ஏழாம் மாடியில் நாங்கள் இருக்கிறோம்.

அவரை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. லிஃப்டில் என் முழங்கையை இடித்துக் காதோடு சொன்னார்.

"ஏன்டி, இவங்க சுத்தியிருக்கிறது நம்ம வாயில் புடவை மாதிரியே இல்ல? எத்தன மீட்டர்னு கேளேன்."

"அம்மா, சும்மா இரேன்."

"துணியத்தானடி கேக்கச் சொன்னேன். வயசையா கேக்கச் சொன்னேன்?"

கேட்டேன். நாலரை மீட்டர் என்றார் அவர், சிறிதும் வியப்பில்லாமல். அம்மா மனத்துக்குள் கணக்குப் போட்டுத் திருப்தியடைந்தார். "நம்மது அஞ்சரை. ஒரு மீட்டர் நாமதான் ஜாஸ்தி."

அடுத்த வாரமே அவர் எங்கள் கதவைத் தட்டினார். கையில் மஞ்சள் தாள் குறிப்பேடுகள் மூன்று. தம் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அவர் சட்டம் படித்த நாளில் பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்த ஆங்கிலம், கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை போல நேராக நின்றது. கண்ணில் சர்க்கரை நோய் இறங்கியிருந்ததால் கணினித் திரையைப் பார்க்க முடியவில்லை. தட்டச்சு செய்ய ஓர் ஆள் வேண்டும்.

"நீ இலக்கிய மாணவி என்று உன் அம்மா சொன்னார்."

"தமிழ் இலக்கியம். அதுவும் தொலைநிலைக் கல்வியில்" என்றேன்.

"பிழை எங்கே இருக்கிறதென்று பார்க்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அது போதும்."

இப்படித்தான் நான் எட்டாம் மாடிக்குப் போகத் தொடங்கினேன். வாரத்தில் மூன்று பிற்பகல்கள், ஏறத்தாழ ஓராண்டு.

தேநீர்க் கதை

அவருடைய நாட்டிலிருந்து வந்த யாரைக் கேட்டாலும் மௌலானா ஹலீமாவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் பொறுப்பேற்ற முதல் நாள். அந்தத் தலைநகரத்தின் தெருவோரங்களில் தேநீர் விற்கும் பெண்களில் பலர் அவர் இனத்தவர். எனவே, நீதிமன்ற எழுத்தர் ஒருவர் அவரைப் பார்த்து, "சீக்கிரம், மூன்று தேநீர்" என்றாராம். ஹலீமா பேசாமல் போய்த் தேநீர் போட்டு, மூன்று கோப்பைகளையும் நீதிபதிகளின் மேசையில் வைத்து, மூன்றாவது கோப்பை இருந்த நாற்காலியில் தாமே உட்கார்ந்து, "முதல் வழக்கின் கோப்பைக் கொண்டு வாருங்கள்" என்றாராம்.

அருமையான கதை. யாசிர் அதைப் புத்தகத்தின் முதல் அத்தியாயமாக வைக்க விரும்பினார்.

ஆனால் முதல் குறிப்பேட்டில் எழுத்தர் கேட்டது மூன்று தேநீர். மூன்றாவது குறிப்பேட்டில் இரண்டு. ஒன்றில் ஹலீமா தேநீர் போடுகிறார். மற்றொன்றில் அந்த வரியே இல்லை. நான் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து, எது சரி என்று கேட்டேன்.

இரண்டையும் மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "நான் தேநீர் போடவில்லை. சுவரோரம் நின்றிருந்தேன். கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூத்த நீதிபதி வந்து என் பெயரைச் சொல்லி அழைத்த பிறகுதான் உள்ளே போனேன். கதை எப்போதோ வளர்ந்துவிட்டது. முதல் குறிப்பேடு எழுதும்போது நானும் அதை நம்பியிருந்தேன்."

"எதைத் தட்டச்சு செய்யட்டும்?"

"சுவரை" என்றார்.

அவருடைய பணிவாழ்வில் பெருமைக்குரியவை நிறைய இருந்தன. தீர்ப்பு எழுதும்போது, தோற்றவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். வென்றவர் எப்படியும் கடைசி வரியைத்தான் பார்ப்பார் என்பது அவர் வாதம். கிராமத்து நீதிமன்றங்களில் மொழி தெரியாமல் தண்டனை பெற்றவர்களுக்காக, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடந்த விசாரணை செல்லாது என்று ஒரு தீர்ப்பெழுதினார். அதற்காக மலைப்பகுதிக்கு இடமாற்றம் செய்யப்பட்டார். தண்டனையாக அனுப்பியவர்கள் அது அவருடைய சொந்த ஊர்ப்பக்கம் என்பதை மறந்துவிட்டார்கள். "அந்த இரண்டு ஆண்டுகள் நன்றாகச் சாப்பிட்டேன்" என்று மட்டும் அதைப் பற்றி எழுதியிருந்தார்.

முருகேசன் அண்ணன்

ஒருநாள் மௌலானா வீட்டில் ஏசி நின்றுபோனது. கட்டடப் பராமரிப்புக்கு வரும் முருகேசன் அண்ணனை அழைத்தோம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் தினமும் வருகிறவர். ஏணியின் மேலிருந்தபடி என்னிடம் கேட்டார்.

"பாப்பா, இந்தம்மா யாரு? புதுசா இருக்காங்க."

"ஜட்ஜ் அண்ணா. அவங்க ஊர்ல அப்பீல் கோர்ட் ஜட்ஜ்."

"யாரு, இந்தம்மாவா?" ஏணியிலிருந்து இரண்டு படி இறங்கிவிட்டார். "நெசமாவா? எங்க பெரியம்மா கணக்கா இருக்காங்க பாப்பா. அதே நெத்தி, அதே கலரு." தம் முன்கையை நீட்டிக் காட்டினார். "பாத்தியா? நம்ம கலரேதான். நம்மாளு ஒருத்தர் ஜட்ஜ் ஆன மாதிரி இருக்கு போ."

என்ன சொல்கிறார் என்று மௌலானா கேட்டார்.

"நீங்கள் அவருடைய பெரியம்மாவைப் போல இருக்கிறீர்களாம். மகிழ்ச்சி என்கிறார்."

"கையைக் காட்டினாரே, அதை நீ சொல்லவில்லை."

என் காது சூடானது. நிறத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று வளர்ந்தவள் நான். பள்ளியில் என் நிறத்தைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் அதை நாகரிகமாகச் செய்யவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். தட்டுத் தடுமாறி மீதியையும் சொன்னேன்.

மௌலானா எழுந்து போய்த் தம் முன்கையை அவருடைய கைக்கு அருகில் வைத்தார். "நான்தான் ஒரு படி மேல் என்று அவரிடம் சொல்."

சொன்னேன். முருகேசன் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தோத்துட்டேம்மா. ஆனா கம்ப்ரஸர் கலாஸ், தீந்துபோச்சு. ஆபீசுக்கு மெயில் போடச் சொல்லு பாப்பா, அது இல்லாம ஒண்ணும் நடக்காது."

விசாவில் இருப்பவர்கள்

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்சிக்காரர், சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கால் நூற்றாண்டாக வேலை செய்கிறார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் உண்டு. "நாம விசாவுல இருக்கோம்." கட்டடத்தில் தண்ணீர் வரவில்லை என்று எல்லோரும் கையெழுத்திட்ட மனுவில் எங்கள் வீட்டு எண் மட்டும் இருக்காது. தமிழ் அன்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் அவர் ஒரு சொல்லும் எழுதியதில்லை. பிறர் வீட்டில் சண்டை நடந்தால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார்; நாம் கேட்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிவதற்காக.

நான் மௌலானாவுக்குத் தட்டச்சு செய்யப் போகிறேன் என்றபோது சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அரசியல் ஏதாவது இருக்கா அதுல?"

"கோர்ட் கதைப்பா."

"எந்த ஊர் கோர்ட்?"

"அவங்க ஊரு."

"அப்ப சரி. ஆனா உன் பேரு எங்கயும் வர வேண்டாம். நன்றி சொல்ற பக்கத்துல கூட."

இதைக் கேலியாக எழுதவில்லை. அந்தக் கவனம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. எதையும் சொல்லுமுன் அது நம் விஷயமா என்று பார்ப்பது எனக்கு மூச்சு விடுவதைப் போல ஆகியிருந்தது. அடக்கமான பெண் என்று எல்லோரும் என்னைச் சொல்வதில் பாதி அதுதான்.

கல்தூமா

இனி அந்த ஏழு தாள்கள்.

கல்தூமா நூபா மலைகளிலிருந்து சண்டைக்குத் தப்பித் தலைநகரத்தின் ஓரக் குடிசைப் பகுதிக்கு வந்தவள். மரீஸா காய்ச்சி விற்றாள். சோளத்தை முளைகட்டிப் புளிக்கவைத்துச் செய்யும் பானம் அது. மலையில் அது உணவு. வயலில் கூடி வேலை செய்தவர்களுக்கு மாலையில் கொடுக்கும் மரியாதை. தலைநகரத்தில் அது குற்றம். காவலர்கள் கல்தூமாவின் குடிசைக்குள் புகுந்து பானைகளை உடைத்தார்கள். கீழ் நீதிமன்றம் கல்தூமாவுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஓர் இளம் வழக்கறிஞர் கட்டணமில்லாமல் மேல்முறையீடு செய்தார். சோதனை ஆணை இல்லாமல் காவலர்கள் கல்தூமாவின் வீட்டுக்குள் நுழைந்தார்கள் என்பது அவருடைய வாதம்.

அங்கே மேல்முறையீடுகள் காகிதத்தில்தான் நடக்கும். கல்தூமா அமர்வின் முன் வரவில்லை. கோப்பு மட்டும் வந்தது.

கோப்பைப் படித்த பிறகு மூன்று நீதிபதிகளும் கதவை மூடிக்கொண்டு ஆலோசிப்பார்கள். அதில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் முதலில் பேசினால் இளையவர் அதை மறுக்கத் தயங்குவார் என்பதால் ஏற்பட்ட முறை. ஹலீமா அப்போது அமர்வின் இளையவர்.

வழக்கறிஞரின் வாதம் வலுவானது என்று அவருக்குத் தெரிந்தது. கல்தூமாவின் ஊர்ப் பெயரையும் கோப்பில் பார்த்தார். தம் ஊரிலிருந்து மூன்று மணி நேர நடை. தம் தாயும் மரீஸா காய்ச்சியவர். தம்மை விடுதியில் வைத்துப் படிக்கவைத்தது அந்தப் பானைகள்தாம். இவ்வளவும் அவர் நினைவில் வந்தன. அதனாலேயே பயம் வந்தது. கல்தூமாவை விடுவிக்கலாம் என்று சொன்னால், தன் இனத்தவளை விடுவித்தாள் என்பார்கள். இவர்களை இந்த நாற்காலியில் உட்காரவைத்தால் இப்படித்தான் என்பார்கள். அடுத்து வரவிருக்கும் பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைக்காது.

"தண்டனையை உறுதி செய்யலாம்" என்றார் ஹலீமா.

மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் கோப்பை மூடினார். "நீங்களே இப்படிச் சொல்லும்போது நாங்கள் வேறென்ன சொல்ல?"

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மூத்தவர் ஓய்வுபெற்ற நாளில் ஹலீமாவிடம் சொன்னாராம்: அன்று காலை அவரும் மற்றவரும் கல்தூமாவை விடுவிப்பதென்ற எண்ணத்தோடுதான் வந்திருந்தார்கள்.

தாள்கள் அத்துடன் முடியவில்லை. நீதிபதிகள் அவ்வப்போது சிறைகளைப் பார்வையிடுவது அங்கே வழக்கம். சில மாதங்கள் கழித்து ஹலீமா பெண்கள் சிறைக்குப் போனார். வரிசையில் நின்றிருந்த ஒருத்தி அவருடைய முகத்தைப் பார்த்து, மலையின் மொழியில், "நீ யார் வீட்டுப் பெண்?" என்று கேட்டாள். சிறைக் கண்காணிப்பாளர் பெயரைச் சொன்னார்: கல்தூமா. ஹலீமா தம் தாயின் பெயரைச் சொன்னார். கல்தூமா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களைக் கூவி அழைத்தாள். "பாருங்கள், நம் மகள்! நம் மகள் நீதிபதி ஆகியிருக்கிறாள்!"

தீர்ப்பின் அடியில் இருந்த மூன்று பெயர்களைக் கல்தூமா படித்திருக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

பிறகு கல்தூமா கேட்டாள். "என் வழக்கு உன்னிடம் வந்திருந்தால் நான் இங்கே இருந்திருப்பேனா?"

அந்த இடத்தில் மௌலானா எழுதியிருந்தது இது: "நான் விடை சொல்லவில்லை. சிறைக் கண்காணிப்பாளரிடம் திரும்பித் தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று கேட்டேன்."

கல்தூமா விடுதலையான பிறகு மௌலானா அவளைத் தேடினார், கிடைக்கவில்லை. வழக்குக் கோப்புகள் போரில் போய்விட்டன. கல்தூமா என்ற ஒருத்தி நீதி கேட்டாள் என்பதற்கு இந்த ஏழு தாள்களைத் தவிர உலகில் வேறு காகிதம் இல்லை.

நான் சொன்னது

யாசிரின் தரப்பும் நியாயமற்றது அல்ல. மேசையில் உட்காருமுன்பே அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"யும்மா, அந்த மக்களுக்கு நீதி வழங்கத் தெரியாது என்று உங்களைப் பற்றி முப்பது ஆண்டு பேசினார்கள். இந்தப் பக்கங்களை அச்சிட்டு அவர்கள் கையில் நாமே கொடுக்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழாவுக்கு நம் பெண் குழந்தைகளெல்லாம் வருகிறார்கள். அவர்கள் எதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்?"

"நடந்ததை" என்றார் மௌலானா.

அதன் பிறகுதான் அவர் என்னைப் பார்த்து, இளையவர் முதலில் என்றது.

தாள்கள் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றைத் தட்டச்சு செய்த அன்று நான் ஏழாம் மாடிக்குப் படியில் இறங்கிப்போனேன். லிஃப்டில் யாரையும் பார்க்க விரும்பவில்லை. புத்தகத்தின் மற்றப் பக்கங்கள் எல்லாம் அந்த ஏழால்தான் நம்பத்தக்கவை ஆயின.

ஆனால் வாயைத் திறக்குமுன் வேறு ஏதோ முந்திக்கொண்டது. இது அவர்கள் வீட்டு விஷயம். அவர்கள் நாட்டு விஷயம். ஓராண்டாக இந்த வீட்டுக் காப்பியைக் குடிக்கிறேன். மகன் எதிரிலேயே இருக்கிறார். வெளியாளாகிய நான், அவருடைய தாயின் தவறை அச்சில் ஏற்றுங்கள் என்று எப்படிச் சொல்வது?

"நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். காரணம் ஒன்றும் கற்பித்தேன். "நூலின் ஓட்டத்தோடு அது பொருந்தவில்லை. தொனி மாறுகிறது." நான் படித்த இலக்கியம் அத்தனையும் அந்த நேரத்தில் எனக்கு உதவியது அதற்குத்தான்.

யாசிர் சிறிது நேரம் தாள்களைப் பார்த்தார். "சரி. நீக்கிவிடலாம்."

மௌலானா இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தாள்களை எடுத்து, கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "கலாஸ். இரண்டுக்கு ஒன்று." ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

ஒரு மாடி தூரம்

யாசிர் வண்டியை எடுக்கக் கீழே போனார். ஒரே லிஃப்டில் வந்தோம். எட்டிலிருந்து ஏழுக்கு ஒரு மாடிதான்.

"இன்று காலை மறுபடியும் படித்தேன்" என்றார், கதவைப் பார்த்தபடி. "அந்தத் தண்ணீர்த் தொட்டி இடம். படித்த பிறகு வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை. கடைசி நிமிடத்தில், இருக்கட்டும் என்று சொல்லிவிடலாமென்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதைத் தட்டச்சு செய்தவள் நீ. இலக்கியம் தெரிந்தவள். நீயே வேண்டாம் என்றபோது, நான் அழுதது மகன் என்பதால்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்."

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது பொய், மேலே போவோம், வாருங்கள் என்று ஒரு வாக்கியம் போதும். புத்தகம் இன்னும் வீட்டில்தான் இருந்தது. நான் தலையசைத்துவிட்டு இறங்கினேன். வீட்டில் அம்மா சேமியா உப்புமா செய்திருந்தார். சாப்பிட்டேன்.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை எட்டாம் மாடிக்குப் போனேன். அச்சகத்திலிருந்து வந்த முதல் பிரதி மேசையில் இருந்தது. மை வாசனை அடித்தது. மௌலானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லிஃப்டில் யாசிர் சொன்னதையும் சேர்த்து.

அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"யாருக்குப் பயந்தாய்?"

"பயம் இல்லை. நான் உங்கள் வீட்டுக்கு விருந்தாளி. அதனால்..."

"விருந்தாளியா?" ஜன்னல் பக்கம் கையை வீசினார். கீழே தெரு, எதிரே பதினாறு மாடிக் கட்டடம், ஒவ்வொரு பால்கனியிலும் யாரோ ஒருவரின் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. "இங்கே யார் விருந்தாளி இல்லை, சொல்."

அவர் ஆறுதல் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. பிரதியை என் பக்கம் தள்ளி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறதாமே, யாசிர் சொன்னான், பார் என்றார். இருந்தது. நான் விட்ட பிழை.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. பேசிய ஐந்து பேரில் நால்வர் தேநீர்க் கதையைச் சொன்னார்கள். நான்கிலும் அவர் தேநீர் போட்டார். மௌலானா மேடையில் மடியில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார்.

வாசித்துக் காட்டியது

சில வாரங்கள் கழித்து, இந்தத் தொடரைப் பற்றி அவரிடம் சொன்னேன். தமிழில் ஒரு வார இதழில் எழுதிவருகிறேன். அந்த ஏழு தாள்களின் செய்தியை அதில் எழுதலாமா?

"யார் படிப்பார்கள்?"

"தமிழ் தெரிந்தவர்கள். பெரும்பாலும் உங்களைத் தெரியாதவர்கள்."

"அவளையும் தெரியாதவர்கள்" என்றார். "எழுது. முதலில் பேசியவள் நான் என்று எழுது. மூன்று பேர் என்று பொதுவாக எழுதாதே."

அப்பாவிடமும் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உன் பேரு போட்டுத்தான வருது?"

"ஆமாப்பா."

ஒரு பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றையும் புரட்டினார். "பேரு சரியாப் போட்டிருக்காங்களான்னு பாத்துக்க" என்றார்.

எழுதி முடித்ததும் மௌலானா என்னை வாசிக்கச் சொன்னார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "கல்தூமா என்று எத்தனை முறை வந்தது? எனக்கு இரண்டுதான் காதில் விழுந்தது."

எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான். மற்ற இடங்களிலெல்லாம் 'அந்தப் பெண்' என்று எழுதியிருந்தேன். சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"என் தீர்ப்பில் ஒருமுறை" என்றார் அவர். "முதல் வரியில். அதற்குப் பிறகு 'மேல்முறையீட்டாளர்'. நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். ஒன்பது பக்கம் எழுதினேன், ஒருமுறை."

கீழே போய்த் திருத்தி எழுதினேன். மறுநாள் பிற்பகல் மறுபடியும் வாசித்தேன். பெயர் வரும்போதெல்லாம் அவருடைய தலை சிறிது அசைந்தது. ஓரிடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இது எந்த இடம்?"

"சிறை. கல்தூமா உங்களிடம் கேள்வி கேட்கும் இடம்."

"அதை மட்டும் இன்னொருமுறை படி."

படித்தேன். என் வழக்கு உன்னிடம் வந்திருந்தால் நான் இங்கே இருந்திருப்பேனா?

மௌலானா கண்ணைத் திறக்கவில்லை. ஏதோ சொன்னார். அரபியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஓராண்டில் ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத மொழி. மூன்று, நான்கு வாக்கியங்கள் இருக்கலாம். நடுவில் ஓரிடத்தில் குரல் நின்று, மறுபடி தொடர்ந்தது. என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. அவர் பேசியது என்னிடம் அல்ல.

பிறகு, "மேலே படி" என்றார்.